பதினான்கு பெட்டிகள் எரிந்த காரணம்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை இது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். வீட்டில் உட்காரச் சொன்னது என்னைத்தானே.

சனிக்கிழமை மதியம் முதலாளி என் மேஜைக்கு வந்தார். பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து காயில் சுற்றுகிறேன். அவர் அதுவரை நடந்து வந்தது மூன்றே தடவை. "அம்மா, பஸ்ஸுக்குக் கொடுத்த முந்நூறு போன் சார்ஜர் பெட்டியில பதினாலு கருகித் திரும்பி வந்துடுச்சு. காயில்தான் காரணம்னு இன்ஜினியர் சொல்றார். ரிப்போர்ட் இருபத்தெட்டாம் தேதி போகணும். அதுவரைக்கும் வீட்ல இருங்க" என்றார். இன்ஜினியர் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த இன்ஜினியர் என் மகளைக் கட்டியவர் என்று தெரியாதவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. பக்கத்து மேஜைக்காரி கம்பியை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் மனைவியிடம் கேட்டேன். "உன் புருஷன்கிட்ட கேளு, என் காயில்ல என்ன குத்தம் கண்டாருன்னு." ஒரே வீட்டில் ஏழு வருஷமாக நமக்கு நடுவில் பேச்சைச் சுமந்தவள் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே நான் நடுவுல நிக்க மாட்டேம்மா. நேரா பேசுங்க, இல்லன்னா எழுதிக்குங்க" என்றாள். நேராகப் பேச எனக்கு விருப்பம் இல்லை. போனில் பேசினால் நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள். அதனால் என் தங்கை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் காயிலில் என்ன குற்றம்? எப்படிக் கண்டீர்கள்? எழுத்தில் வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் சுற்றினவள் தப்பு என்று போனால் என் நாற்காலி போய்விடும். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க மாட்டேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன், பாசத்தால் அல்ல.

உங்கள் மனைவியின் தாய்


மார்ச் 8

அத்தைக்கு வணக்கம்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படித்தால் புரியும்.

பஸ்ஸின் பேட்டரி இருபத்து நான்கு வோல்ட். பயணிகளின் போனுக்கு ஐந்து வோல்ட்தான் போக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச் ஒரு நொடியில் லட்சம் தடவை மூடித் திறக்கிறது. உங்கள் காயில் அந்த வெட்டு வெட்டான மின்சாரத்தை வாங்கி, சீராக்கிக் கொடுக்கிறது. காயில் சரியில்லை என்றால் ஸ்விட்சுக்குள் அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்து அது எரியும். வந்த பதினான்கு பெட்டியிலும் எரிந்தது ஸ்விட்ச்தான்.

தவறு என் சர்க்யூட்டிலா என்று பார்ப்பதற்காக, அதை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டி ஓட்டிப் பார்த்தேன். இதற்கு சிமுலேஷன் என்று பெயர். நிஜக் கம்பியும் இல்லை, நிஜப் புகையும் இல்லை, கணக்கு மட்டும். அதன் பிரிண்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் கோடு வோல்ட். ஐந்தில் அசையாமல் நிற்கிறது பாருங்கள். கீழே இருப்பது காயிலில் போகும் கரண்ட். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆக சர்க்யூட்டில் பிழை இல்லை. நிஜப் பெட்டியில் இருப்பது, கம்ப்யூட்டரில் இல்லாதது ஒன்றே ஒன்று, கை. கம்பியின் வார்னிஷ் எங்கோ உரசிப் போயிருக்கிறது, இரண்டு சுற்று ஒன்றோடு ஒன்று தொட்டிருக்கிறது. வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. கண் முன்போல இருக்காது.

இன்னொன்று. மருமகன் என்பதற்காக நான் ரிப்போர்ட்டை மாற்றி எழுத முடியாது. மாமியார் என்பதற்காக உங்களைத் தனியாகக் குறிவைக்கவும் இல்லை. வீட்டில் எனக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். மீட்டர் யாரையும் பார்த்து அளப்பதில்லை.

உங்கள் மருமகன்


மார்ச் 11

மீட்டர் அவர்களுக்கு,

பெயர் தெரிந்துவிட்டதால் இனி மறைக்க வேண்டியதில்லை.

என் கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடிதம் வந்த அன்றே கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்து என் தங்கையிடம் காட்டினேன். "யாருக்குக் காட்டுற?" என்று கேட்டாள். அடுத்த ஊசியை எடுத்தேன்.

நீங்கள் அளப்பதை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நான் சுற்றி முடித்து வைத்த காயிலை எடுத்தீர்கள். கட்டரால் வெட்டினீர்கள். பதினொரு பெண்கள் பார்க்க ஒவ்வொரு சுற்றாக எண்ணினீர்கள். முப்பத்திரண்டு இருக்க வேண்டும், முப்பத்திரண்டு இருந்தது. வெட்டினதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். சரியாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் என் மகளைக் கேட்டு வந்தபோது மட்டும் வாய் வந்தது.

போகட்டும். பிரிண்ட்டைப் பார்த்தேன். என் தங்கை மகள் அதில் இருக்கும் எழுத்தை வாசித்துச் சொன்னாள். கோட்டை நானே பார்த்துக்கொண்டேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் என் காயில் எப்படி இருக்கிறது? கம்பி இருக்கிறதா, கம்பியைத் தாங்கும் கோர் இருக்கிறதா, சூடாகுமா? அல்லது பள்ளிக்கூடப் பிள்ளை வீடு வரைந்து கதவு வைக்கிற மாதிரி காயில் என்று எழுதி விட்டுவிட்டீர்களா?

அப்புறம் அந்த மேல் கோடு. இடது ஓரத்திலேயே ஐந்தில் நிற்கிறது. ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் பெட்டியில் ஒன்றும் கிடையாது. ஒன்றுமில்லாததிலிருந்து ஏறி வருகிற வழி எங்கே? படத்தில் இல்லை. பேப்பர் முடிந்துவிட்டதா?

இதற்குப் பதில் எழுதிவிட்டு என் கையைப் பற்றிப் பேசுங்கள்.

முப்பத்திரண்டு சுற்றினவள்


மார்ச் 14

அத்தைக்கு,

அந்தக் காயில் கதையை என் மனைவி வழியாக நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். எண்ணிப் பார்ப்பது என் வேலை. சரியாக இருந்தால் மாலை போடுவது என் வேலை இல்லை.

கணக்கு நீங்கள் மட்டும் வைத்திருக்கவில்லை. என் அப்பா போன அன்று வந்தீர்கள். என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். என் தம்பியிடம் பேசினீர்கள். பந்தல் போட்டவரிடம்கூட ஏதோ சொன்னீர்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைத் தாண்டிப் போய் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை போதும். இப்போது எத்தனை பக்கம் எழுதினாலும் ஈடாகாது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆமாம், கம்ப்யூட்டரில் காயில் என்பது ஓர் எண். சூடாகாது. எல்லா இன்ஜினியர்களும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

இடது ஓரம் ஏன் ஐந்தில் தொடங்குகிறது என்றால், நான்தான் அப்படித் தொடங்கச் சொன்னேன். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் ஏற்கெனவே ஐந்து வோல்ட் நிறைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால் நேரம் மிச்சம். தொடக்கத்திலிருந்து ஓட்டினால் அந்தச் சின்னத் துளி நேரத்தைக் கணக்குப் போடவே அரை மணி நேரம் மெஷின் முனகும். அந்தப் பகுதியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

நான் நேர்மையானவன் என்பதால் இதையும் எழுதுகிறேன். உங்கள் காயில் மோசம் என்று கம்ப்யூட்டரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தேன். இரண்டு சுற்று தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று போட்டேன். நான்கு தொட்டால்? எட்டு தொட்டால்? வோல்ட் கொஞ்சம் தடுமாறுகிறது, காயிலில் கரண்ட் வீணாகிறது. ஆனால் வந்த பெட்டிகளைப் போல ஒரே வீச்சில் ஸ்விட்ச் எரியவில்லை. எவ்வளவு கெடுத்தாலும் எரிய மாட்டேன் என்கிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. இதனால் உங்கள் காயில் சரி என்று அர்த்தம் ஆகாது.

மருமகன்


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் அப்பா போன அன்று நான் பேசாதது உண்மை. மறுக்க மாட்டேன். வாசலில் நின்றீர்கள், நீல முழுக்கைச் சட்டை, இடது கை பொத்தான் போடாமல் தொங்கியது. பார்த்தேன். பேச வாய் எடுத்தேன், அந்தக் கட்டர் ஞாபகத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அதை ஒதுக்கியிருக்க வேண்டும். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததை ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஐந்து வோல்ட். படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். பெட்டி எரிந்த காரணத்தைத் தேடுகிறவர், பெட்டி உயிர் பெறுகிற நேரத்தை, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று வெட்டி எறிந்துவிட்டுத் தேடுகிறார். நீங்கள் எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் சண்டை வந்தாலும் நான் பதில் சொன்ன இடத்திலிருந்துதான் தொடங்குவீர்கள், நீங்கள் கிளப்பின இடத்தைக் காணோம்.

இங்கே வருவதற்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பெட்டி இருந்த பஸ்தான், என் காயில் உள்ளே இருந்த பெட்டி. வழியில் ஓர் இடத்தில் டீக்காக டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். யாரும் போனைப் பிடுங்கவில்லை. வயரோடு அப்படியே தொங்கியது. திரும்பி வந்து சாவியைத் திருகினார். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு போன் மாட்டின நிலையிலேயே பெட்டி விழித்தது. எழுந்ததும் தலையில் இரண்டு குடத்தை வைத்த மாதிரி. கண்டக்டரிடம் கேட்டேன். "பெட்டி எப்ப எரியும்?" "ஓடிட்டு இருக்கும்போது எரிஞ்சதே இல்லம்மா. வண்டி ஸ்டார்ட் பண்றப்பதான் டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் நாத்தம். போன வாரம் ஒரு பொண்ணோட பையே பத்திக்கப் பாத்துச்சு" என்றார்.

நீங்கள் யாராவது ஒரு கண்டக்டரிடம் கேட்டீர்களா? மெஷின் அரை மணி நேரம் முனகட்டும். நான் இங்கே பதினாறு நாளாக முனகிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குங்கள், இரண்டு போனையும் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். காயில் என்ற எண்ணை எடுத்துவிட்டு நிஜக் காயிலை வையுங்கள். அதிலும் என் காயில்தான் காரணம் என்று வந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

காத்திருப்பவள்


மார்ச் 20

அத்தைக்கு,

கண்டக்டரிடம் கேட்டது நல்ல காரியம். நான் கேட்டிருக்க வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நீங்கள் சொன்னபடியே ஓட்டினேன். பூஜ்யத்திலிருந்து, இரண்டு போன் மாட்டின நிலையில். இந்தத் தடவை காயிலுக்கு வெறும் எண் கொடுக்கவில்லை. கோர் எவ்வளவு கரண்ட் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் எப்படிக் கைவிடும் என்பதையும் சேர்த்துக் கட்டினேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை: ஓர் அளவுக்கு மேல் கோரில் காந்தம் நிரம்பிவிடும். நிரம்பினால் காயில் வெறும் கம்பி. தடுக்க ஆள் இல்லாமல் கரண்ட் பாயும்.

முடிவு: தொடக்கத்தில் காலிக் கெப்பாசிட்டரும் இரண்டு போனும் சேர்ந்து இழுப்பதால் கரண்ட் பன்னிரண்டு ஆம்பியர் வரை துள்ளுகிறது. அந்தத் துள்ளலை நான் பார்க்காமல் விட்டது என் பிழை. ஆனால் காயில் தாங்குகிறது. கோரின் இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளிக்காக இரண்டு தாள் வைத்த காயில் பதினைந்து ஆம்பியர் வரை நிரம்பாது. பன்னிரண்டு வந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. துள்ளல் அடங்கி, வோல்ட் ஐந்துக்கு வந்து அழகாக நின்றுவிட்டது.

ஆக நீங்கள் கேட்ட சோதனையும் என் சர்க்யூட் சரி என்றே சொல்கிறது. வேறு வழி தெரியவில்லை. ரிப்போர்ட்டில் "காரணம்: கையால் சுற்றிய காயிலின் தரம்" என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பெயர் இருக்காது. முதலாளியிடம் சொல்லி, பேக்கிங் பகுதியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கேட்டுப் பார்க்கிறேன்.

இதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்தால் அது உங்கள் விருப்பம்.

மருமகன்


மார்ச் 21

எந்த இரண்டு தாள்?

நான் வைத்தது ஒரு தாள். வரைபடத்தில் இருப்பது ஒரு தாள். முந்நூறு காயிலுக்கும் ஒவ்வொன்றுதான். மேஜையில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் போய்ப் பாருங்கள், நான்காவது வரி. யார் யாரிடம் இரண்டு என்று சொன்னது? எப்போது? தேதி எழுதுங்கள்.

பேக்கிங் வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 22

அத்தைக்கு,

வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு தாள் என்றுதான் இருக்கிறது. புது மாடலான இந்த பஸ் பெட்டிக்காகக் கம்பியை மாற்றி வரைந்தபோது தாள் வரி பழைய படத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது. முதலாளி கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனித்தேன். மறுபடி கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆகும். சுற்றுவது நம் வீட்டு ஆள்தானே என்று ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் வீட்டில் உங்கள் மகளிடம் சொன்னேன். "உங்கம்மாகிட்ட சொல்லிடு, புதுப் பெட்டிக்கு ரெண்டு தாள்." இதே வார்த்தை. அவள் சரி என்று உள்ளே போனாள். எரிந்த காயில்களில் தாள் கரியாகிக் கிடந்தது, எத்தனை என்று எண்ண முடியவில்லை. சொன்னேன் என்பதால் இரண்டு என்றே கணக்கில் வைத்தேன்.

சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம்.

மருமகன்


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

மறந்திருக்கலாம் என்று என்னைப் பார்த்து எழுதிய முதல் ஆள் நீங்கள்.

ஜனவரி இருபத்து மூன்று, வியாழக்கிழமை. நீங்கள் ஆறே முக்காலுக்கு வந்தீர்கள். முன் அறையில் ஷூவைக் கழற்றினீர்கள், ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது என்று முணுமுணுத்தீர்கள். நான் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேத்தியின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பொத்தான், இரண்டு துளை. என் மகள் கதவைத் திறந்தாள். வாசல்படியிலேயே நின்றாள். மூன்று விஷயம் சொன்னாள். "கேஸ் புக் பண்ணியாச்சு. நாளைக்குத் தண்ணி வராது, பிடிச்சு வை. அவர் நாளைக்கு சீக்கிரம் கிளம்புறார், நீ அடுத்த பஸ்ல போ." ஒரே கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் நாம் போவதில்லை என்பதால் அந்த மூன்றாவது விஷயம் தினமும் வரும். அதன் பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் நின்றாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டாள்.

தாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடவுள் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அவளிடம் கேளுங்கள். ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி கேட்காதீர்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.


மார்ச் 26

அத்தைக்கு,

கேட்டேன். உட்காரச் சொல்லித்தான் கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் அதைத்தான் விரும்புவீர்கள்.

"ஆமா, சொல்லல. சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்ததும், கேஸ், தண்ணி, பஸ்னு எல்லாம் சொல்லிட்டேன், தாள் மட்டும் வாயில நின்னுடுச்சு. உங்க ரெண்டு பேர் மேஜைக்கும் நடுவுல இருபது அடி இருக்குமா? அங்க எழுந்து போய் சொல்ல வேண்டியதை எங்கிட்ட சொல்றீங்க. ஒரு தாளுக்கும் நான்தான் வரணுமான்னு தோணுச்சு. ஒரு நாள் சொல்லாம விட்டா யாராவது ஒருத்தர் எழுந்து போய் இன்னொருத்தரைக் கேட்டுத்தான ஆகணும்னு நினைச்சேன். யாரும் கேக்கல. அப்புறம் அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு எப்படித் தெரியும்? பெட்டி எரிஞ்சதுன்னு வந்து சொன்னப்ப பயந்துட்டேன். அம்மாவை வீட்ல உக்கார வெச்சதும் சொல்லியிருக்கணும். வாய் வரல. அம்மா என்னை விட்டுட்டுப் போனப்பகூட வாய் வரல."

சொல்லிவிட்டு அழவில்லை. எழுந்து போய்த் துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். நான் கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

நேற்று ஒரு தாள் வைத்த காயிலைப் போட்டு ஓட்டினேன். எட்டு ஆம்பியரிலேயே கோர் நிரம்பிவிட்டது. பன்னிரண்டில் நிற்க வேண்டிய கரண்ட் நாற்பதுக்கு மேல் நெட்டுக்குத்தாகப் பாய்ந்தது. ஸ்விட்ச் போயிற்று. மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த படம் அதுதான். ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் தாங்கும் அளவு கொஞ்சம் மாறும், அதனால்தான் பஸ்களில் இன்னும் இருநூற்று எண்பத்தாறு பெட்டி எரியாமல் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிக் காலையில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

ரிப்போர்ட்டை மாற்றிவிட்டேன். "புது மாடலுக்கு இரண்டு தாள் தேவை என்ற மாற்றம் வரைபடத்தில் ஏற்றப்படவில்லை. சுற்றுபவருக்கு எழுத்தில் தரப்படவில்லை. சிமுலேஷன் தொடக்க நிலையை விட்டுவிட்டுச் செய்யப்பட்டது. காயில் வரைபடத்தின்படியே சுற்றப்பட்டுள்ளது. பொறுப்பு: வடிவமைப்பு." அவ்வளவுதான். வீட்டில் யார் யாரிடம் சொன்னார்கள் என்பது அதில் இல்லை.

இது உங்களுக்காகச் செய்யும் உதவி இல்லை. நடந்தது இதுதான். முதலாளி என்னை வடிவமைப்பிலிருந்து எடுத்துவிடலாம். உங்கள் நாற்காலி உங்களுக்கு இருக்கும். நாளை மறுநாள் காலை பதினொரு மணிக்கு ரிப்போர்ட் போகிறது.

மருமகன்


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

இது தபாலில் வந்தால் நேரத்துக்குச் சேராது. என் தங்கை மகள் முதல் பஸ்ஸில் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பாள். படித்துவிட்டு ரிப்போர்ட்டைக் கொடுங்கள்.

என் மகளின் பெயரை அதில் வராமல் விட்டீர்கள். உங்களிடம் நான் பார்த்த முதல் நல்ல காரியம். இரண்டாவதுக்காகக் காத்திருக்கவில்லை.

அவள் சொல்லாமல் விட்டது தப்பு. ஒரு பெண்ணின் பையில் தீப்பிடிக்கப் பார்த்திருக்கிறது. அதை நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன், அது எங்கள் இருவருக்குள். ஆனால் ஏழு வருஷம் அவளை நடுவில் நிற்க வைத்ததில் உங்கள் பங்கு உண்டு. என் பங்கும் உண்டு. எது பெரிது என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

இப்போது நான் எழுதப்போவதை ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும்.

ஜனவரி இருபத்தேழு, திங்கள். புது மாடலுக்கு முதல் காயில் சுற்ற உட்கார்ந்தேன். கம்பி இரட்டையாக இருந்தது. இரட்டைக் கம்பி என்றால் கரண்ட் அதிகம். கரண்ட் அதிகம் என்றால் நடுவில் இடைவெளி அதிகம் வேண்டும். இதை யாரும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, பத்தொன்பது வருஷத்தில் கை படித்துக்கொண்டது. ஒரு தாளை வைத்தேன். இன்னொன்றைக் கையில் எடுத்தேன். வரைபடத்தைப் பார்த்தேன், ஒன்று என்றிருந்தது. இது தப்பாக இருக்குமோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை நான் மறைக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் உங்கள் மேஜையில்தான் இருந்தீர்கள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து இருபது அடி நடந்து வந்து கேட்டிருந்தால் முடிந்தது.

கேட்பதென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். அதனால் கேட்கவில்லை. அவர் வரைந்தது, அவர் தலையெழுத்து என்று அந்தத் தாளைத் தாள் கட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தேன். அப்படியே முந்நூறும் சுற்றினேன்.

இதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இத்தனை நாள் நானே இதைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டு உங்களைத் திட்டி எழுதினேன். "வரைபடத்தின்படியே சுற்றப்பட்டுள்ளது" என்ற வரிக்குக் கீழே, "சுற்றியவருக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை" என்று எழுதுங்கள். எழுதினால் முதலாளி என்னைக் கூப்பிடாமல் விடலாம் என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். எழுதாமல் விட்டு எனக்குத் தயவு செய்யாதீர்கள். உங்கள் தயவில் அந்த நாற்காலியில் உட்காருவதைவிடத் தரையில் உட்காருவேன்.

உங்களை மன்னித்துவிட்டதாக எண்ண வேண்டாம். நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம், இருவருக்கும் வேலை இருக்கிறது. இருநூற்று எண்பத்தாறு காயிலைப் பிரித்து இன்னொரு தாள் வைக்க வேண்டும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு வந்து நிற்பேன். உள்ளே விட்டால் என் மேஜைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மேஜைக்கு வருவேன். புதுப் பெட்டிக்கு எத்தனை தாள் என்று கேட்பேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.